பேஸ்போல் காட்சி எடுக்கப்போகிறீர்களா? பந்தை விடுங்கள், உடம்பைப் பாருங்கள்

கேள்வி கேட்ட தம்பி சொன்னதைச் சுருக்கிச் சொல்கிறேன். கொழும்பில் ஒரு சின்னக் குழு, பாடசாலை பேஸ்போல் அணி ஒன்றைப் பற்றிக் குறும்படம் எடுக்கப்போகிறது. கதாநாயகன் பிட்சர், அதாவது அடிப்பவரை நோக்கிப் பந்தை எறிகிறவன். நடிக்கிற பெடியன் கிரிக்கெட் மட்டுமே விளையாடியவன், பேஸ்போல் பந்தைத் தொட்டதே இல்லை. ஹொலிவுட்டில் இந்தக் காட்சிகளை எப்படி எடுக்கிறார்கள், அதில் எதை நாங்கள் ஒரு கமராவோடு செய்யலாம் என்பதுதான் கேள்வி. நான் இங்கே விளம்பரப் படங்களுக்கு ஒளிப்பதிவு செய்கிறவன், அதில் பாதி கிரிக்கெட் விளம்பரம்தான், பேஸ்போல் என்றால் உயிர். அதனால் பதில் நீளமாகத்தான் வரும்.

முதல் விஷயம், ஒரு போட்டியை விளையாடவிட்டு அதைச் சுற்றி நின்று படம் பிடிப்பதை மறந்துவிடுங்கள். தொலைக்காட்சிக்காரர்கள் அப்படிச் செய்யலாம், அவர்களிடம் பத்துப் பதினைந்து கமரா இருக்கிறது, விளையாடுகிறவர்களும் உண்மையான வீரர்கள். படத்தில் ஒரே ஓர் எறியை ஏழெட்டுத் துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் தனியாக, பெரும்பாலும் வேறு வேறு நேரத்தில் எடுக்கிறார்கள். பல துண்டுகளில் பந்தே இருக்காது. இதைக் கேட்டதும் ஏமாற்று வேலை போலத் தோன்றும், ஆனால் கணக்கைப் பார்த்தால் வேறு வழியில்லை என்று தெரியும்.

பிட்சர் நிற்கிற இடத்திலிருந்து, அடிப்பவர் பக்கத்தில் நிற்கிற ஹோம் பிளேட்டுக்கு 60 அடி 6 அங்குலம், 18.44 மீட்டர். நம் கிரிக்கெட் பிட்ச் 20.12 மீட்டர். ஆனால் இங்கே பந்து தரையில் குத்தாமல் நேரே வருகிறது. மணிக்கு 145 கிலோமீட்டர் வேகத்தில் எறிந்த பந்து ஏறக்குறைய 0.4 விநாடியில் வந்து சேர்ந்துவிடும். படம் விநாடிக்கு 24 பிரேம் என்றால் அந்தப் பயணம் முழுவதுக்கும் உங்களிடம் இருப்பது பத்துப் பிரேம். அதிலும் வழக்கமான 1/48 விநாடி ஷட்டரில் ஒவ்வொரு பிரேம் பதிவாகிற நேரத்துக்குள் பந்து 80 சென்ரிமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். பந்தின் விட்டமோ 7 சென்ரிமீட்டர் சொச்சம். ஆகவே திரையில் பந்து தெரியாது, ஒரு மங்கலான வெள்ளைக் கீறல்தான் தெரியும். பாடசாலைப் பெடியன் இன்னும் மெதுவாக எறிவான், இருந்தாலும் நிலைமை பெரிதாக மாறாது.

அப்படியென்றால் பார்க்கிறவர் எதை நம்பி "பந்து போனது" என்று நினைக்கிறார்? பிட்சரின் உடம்பை, அடிக்க நிற்பவரின் கண்ணை, அடிப்பவருக்குப் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிக்கிற கெட்சரின் கையுறை பின்னால் தள்ளப்படுகிற அந்த அசைவை, அப்புறம் சத்தத்தை. பந்தைப் பொய்யாகக் காட்டலாம், கணினியில் வரையலாம், காட்டாமலே விடலாம். எறிகிற உடம்பைப் பொய்யாகக் காட்ட முடியாது. ஒருவன் எறியத் தெரியாதவன் என்பது முழு உடம்பும் தெரிகிற ஒரே வைட் ஷொட்டில் தெரிந்துவிடும், பேஸ்போல் விதி ஒன்றுகூடத் தெரியாத பார்வையாளருக்கும் தெரியும். அதனால் உங்களிடம் இருக்கிற காசிலும் நேரத்திலும் பெரிய பங்கு அந்தப் பெடியனின் தோளுக்கும் இடுப்புக்கும் காலுக்கும் போக வேண்டும்.

ஹொலிவுட்டில் இதற்கு இரண்டு நல்ல உதாரணங்கள் உண்டு, இரண்டும் ஒரே மனிதரைப் பற்றியவை. ஷூலெஸ் ஜோ ஜாக்சன் என்ற பழைய வீரர் இடது பக்கம் நின்று அடிப்பவர், அதாவது கிரிக்கெட்டில் இடக்கை மட்டையாளர் என்கிறோமே அப்படி, வலது கையால் எறிபவர். 1989இல் வந்த 'ஃபீல்ட் ஒஃப் ட்ரீம்ஸ்' படத்தில் அவராக நடித்த ரே லியோட்டா வலது பக்கம் நின்று அடித்தார், இடது கையால் எறிந்தார், அப்படியே நேர்மாறு. பேஸ்போல் ரசிகர்கள் இன்றுவரை அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அதற்கு முந்திய வருடம் வந்த 'எய்ட் மென் அவுட்' படத்தில் அதே ஜாக்சனாக நடித்த டி. பி. ஸ்வீனி இடது பக்கம் நின்று அடிக்கப் பழகிக்கொண்டு வந்து நடித்தார். இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். லியோட்டா நல்ல நடிகர், அந்தப் படம் மனதைத் தொடுகிற படம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் விளையாட்டுக் காட்சியாக மட்டும் எடுத்துக்கொண்டால் நான் ஸ்வீனியின் பக்கம்தான்.

இன்னொரு வழி, நடிகனுக்கு விளையாட்டுச் சொல்லிக்கொடுக்காமல் விளையாட்டுக்காரனை நடிக்க வைப்பது. 2011இல் வந்த 'மணிபோல்' படத்தில் மிகெல் தெஹாடா என்ற வீரராக வருபவர் ரொய்ஸ் கிளேட்டன், அவரே பல வருடம் அமெரிக்காவின் உயர்மட்டப் போட்டியான மேஜர் லீக்கில் விளையாடியவர். வசனம் குறைவாக இருக்கிற பாத்திரங்களுக்கு இதுதான் சிறந்தது. உங்கள் அணியில் ஒன்பது பேர் வேண்டும், அதில் வசனம் பேசுகிறவர்கள் மூன்று பேர் என்றால் மற்ற ஆறு பேரும் உண்மையில் பேஸ்போல் விளையாடுகிற பாடசாலைப் பெடியன்களாக இருக்கட்டும். பின்னணியில் ஒருவன் கையுறையை மாட்டுகிற விதத்தில், தரையில் உருண்டு வரும் பந்துக்குக் குனிகிற விதத்தில் வருகிற உண்மையை எந்த இயக்குநராலும் சொல்லிக்கொடுத்து வாங்க முடியாது.

சரி, உங்கள் கதாநாயகனுக்கு வருவோம். கிரிக்கெட்காரன் என்பது பாதி நன்மை, பாதி தொல்லை. பந்து வீசச் சொன்னால் அவன் உடம்பு தானாக ஓடிவந்து முழங்கையை மடிக்காமல் கையைச் சுழற்றப் பார்க்கும். பேஸ்போலில் ஓட்டம் கிடையாது, ஒரு கால் தரையில் பதித்த ரப்பர் பலகையோடு ஒட்டியிருக்க வேண்டும், முழங்கை மடிய வேண்டும். ஆகவே அவனிடம் "பந்து வீசு" என்று சொல்லவே வேண்டாம். எல்லைக்கோட்டில் நின்று ஸ்டம்பைக் குறிபார்த்து எறிகிற எறி இருக்கிறதே, அதிலிருந்து தொடங்குங்கள். அந்த எறியில் பேஸ்போலுக்கு வேண்டியது ஏற்கெனவே பாதி இருக்கிறது. அதற்குப் பிறகு முன்காலைத் தூக்குவது, அந்தக் காலை பிளேட்டை நோக்கி நீட்டி வைப்பது, இடுப்பு முதலில் திரும்பித் தோள் அதைத் தொடர்ந்து வருவது, எறிந்து முடிந்ததும் பின்கால் சுற்றி முன்னால் வந்து நிற்பது என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். முன்கால் தரையில் பதிகிற அந்த நொடியில் எறிகிற கை மேலே வந்திருக்க வேண்டும், முழங்கை கிட்டத்தட்டத் தோள் உயரத்தில். பழகாதவர்களுக்குக் கை அந்த நேரத்தில் இன்னும் கீழேயே கிடக்கும். திரையில் "இவனுக்கு எறியத் தெரியாது" என்று தோன்றுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

நாளுக்குக் கொஞ்சமாக, பல வாரம் பழக்குங்கள். ஒரே நாளில் முழுப் பலத்தோடு நிறைய எறியவைத்தால் அடுத்த நாள் அவனால் தோளைத் தூக்க முடியாது. படப்பிடிப்பு நாளிலும் அப்படியே, முழுப் பலம் தேவைப்படுகிற வைட் ஷொட்டுகளைக் காலையிலேயே எடுத்துவிட்டு, கை மட்டும், முகம் மட்டும் தெரிகிற ஷொட்டுகளைப் பின்னுக்கு வையுங்கள்.

அடிப்பவர்களுக்கு இங்கே ஒரு வசதி இருக்கிறது, யாரும் அதைப் பயன்படுத்துவதில்லை. சித்திரைப் புத்தாண்டுக்கு ஊரெல்லாம் எல்லே ஆடுகிறார்களே, உருண்டைத் தடியைச் சுழற்றி அடித்துவிட்டு வட்டமாக ஓடுகிற ஆட்டம், அதில் நல்லவனைப் பிடித்தால் கிரிக்கெட்காரனை விடச் சீக்கிரம் பேஸ்போல் அடி படியும். கிரிக்கெட்காரன் மட்டையை நேராக இறக்கியே பழகியவன். இன்னொன்று, அடித்ததும் அவன் மட்டையைக் கையில் பிடித்தபடி ஓடத் தொடங்குவான். கீழே போட்டுவிட்டு ஓட வேண்டும் என்பதைக் கனவிலும் வருகிற அளவுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

இப்போது கமரா எங்கே நிற்பது என்ற விஷயம். இதை எழுதத்தான் நான் உட்கார்ந்தேன். கிரிக்கெட் எடுத்துப் பழகிய எங்களுக்கும் இது முதலில் பிடிபடாது.

ஹோம் பிளேட்டிலிருந்து பிட்சரைப் பார்த்தால், ஓடுகிறவர் தொட வேண்டிய முதலாம் பேஸ் வலப்பக்கம், மூன்றாம் பேஸ் இடப்பக்கம். வலது கை பிட்சர் எறியும்போது அவர் நெஞ்சும் முகமும் மூன்றாம் பேஸ் பக்கம் திறக்கின்றன. வலது பக்கம் நின்று அடிப்பவரின் முகம் முதலாம் பேஸ் பக்கம் பார்த்திருக்கிறது. ஆக, பிட்சரின் முகம் வேண்டுமென்றால் மூன்றாம் பேஸ் பக்கம் போக வேண்டும், அடிப்பவரின் முகம் வேண்டுமென்றால் முதலாம் பேஸ் பக்கம் போக வேண்டும். ஆனால் இருவருக்கும் நடுவே ஒரு கற்பனைக் கோடு இருக்கிறது, அதைத் தாண்டினால் பந்து திசை மாறிப் போவதுபோல் தெரியும். மூன்றாம் பேஸ் பக்கத்திலிருந்து பார்த்தால் பந்து இடமிருந்து வலம் போகிறது, முதலாம் பேஸ் பக்கத்திலிருந்து பார்த்தால் வலமிருந்து இடம். இரண்டையும் ஒட்டினால் இரண்டு பேரும் ஒரே பக்கம் பார்த்து நிற்பதுபோல் ஆகிவிடும், பார்ப்பவருக்கு எங்கே யார் என்ற கணக்கே குழம்பும்.

இதற்குத் தீர்வு, கமராவைக் கோட்டின் மேலேயே கொண்டுபோய் வைப்பது. பிட்சரை, கெட்சருக்குப் பின்னாலிருந்து நீள லென்ஸில் நேரே எடுங்கள். அடிப்பவரை, பிட்சர் நிற்கிற மேட்டுப் பக்கமிருந்து நேரே எடுங்கள். கோட்டின் மேல் நின்று எடுத்த ஷொட் எந்தப் பக்கத்து ஷொட்டோடும் ஒட்டும். இதைவிட எளிய வழியும் ஒன்று உண்டு: எழுதும்போதே ஒருவரை இடக்கையாக்கிவிடுங்கள். இடது பக்கம் நின்று அடிப்பவர் மூன்றாம் பேஸ் பக்கம் பார்த்து நிற்பார், வலது கை பிட்சரும் அந்தப் பக்கமே திறப்பார், ஒரே பக்கத்தில் கமராவை வைத்து இருவர் முகத்தையும் எடுத்துவிடலாம். உச்சக்கட்ட மோதல் ஒன்று இருக்குமே, அதற்கு இடது பக்கம் அடிக்கிற ஒரு நல்ல பெடியனைத் தேடிப் பிடியுங்கள், ஒரு நாள் வேலை மிச்சம்.

பந்து தேவைப்படுகிற ஷொட்டுகள் சில இருக்கத்தான் செய்யும். மட்டையில் பந்து படுகிற குளோசப்புக்கு யாரும் 18 மீட்டரிலிருந்து எறியத் தேவையில்லை. பிரேமுக்கு வெளியே பக்கத்தில் குந்தியிருந்து ஒருவர் மெதுவாக மேலே தூக்கிப் போடுவார், நடிகர் அடிப்பார். அதுவும் முடியாதென்றால், பயிற்சிக்கு வைத்திருப்பார்களே ஒரு ரப்பர் ஸ்டாண்ட், அதன்மேல் பந்தை வைத்து ஸ்டாண்ட் தெரியாதபடி இடுப்புக்கு மேல் பிரேம் வையுங்கள். அடி உண்மையான அடியாக இருக்கும். வெறுங்காற்றில் மட்டையைச் சுழற்றவைத்துப் பின்னால் கணினியில் பந்தைச் சேர்க்கும் முறையும் உண்டு, ஆனால் பந்து பட்ட அதிர்ச்சி கைக்கு வராததால் பழகாத நடிகரின் சுழற்சி கடைசியில் தளர்ந்துபோகும். எனக்கு அது பிடிப்பதில்லை.

உயரப் போன பந்தைப் பிடிக்கிற ஷொட்டுக்கு, கமராவுக்குச் சற்று மேலே ஏணியில் நின்று ஒருவர் பந்தைப் போட்டால் போதும். அதற்கு முந்திய துண்டில் நடிகர் பின்னால் ஓடிக்கொண்டே வானத்தில் எதையோ பார்க்க வேண்டும். அங்கே கண் அலைந்தால் எல்லாம் போச்சு. ஒரு நீண்ட கம்பின் நுனியில் டென்னிஸ் பந்தைக் கட்டி, ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டு பந்து போகிற வேகத்தில் நகர்த்தட்டும், கண் தானாக அதன் பின்னால் போகும்.

பந்து கமராவை நோக்கி வருகிற ஷொட் எல்லோருக்கும் ஆசை. உள்ளே ஸ்பொஞ்ச் வைத்த பயிற்சிப் பந்தை மட்டும் பாவியுங்கள், லென்ஸுக்கு முன்னால் கண்ணாடிபோல் தெளிவான தடித்த பிளாஸ்டிக் தகடு வையுங்கள், கமராவைப் பூட்டிவிட்டு ஆள் விலகிவிட வேண்டும். உண்மையான பேஸ்போல் 142 கிராமுக்குக் குறையாத கட்டிப் பந்து. இதில் துணிச்சல் காட்ட ஒன்றுமில்லை.

இடம் பற்றி. ஹோமாகமவுக்குப் பக்கத்தில் தியகமவில் ஜப்பான் உதவியோடு அமைத்த பேஸ்போல் மைதானம் இருக்கிறது, அனுமதி கிடைத்தால் அதுதான் முதல் தெரிவு, மேடும் மண்தரையும் சரியான அளவில் இருக்கும். கிடைக்காமல் ஒரு பாடசாலை கிரிக்கெட் மைதானம்தான் என்றால், அங்கே தோண்ட விடமாட்டார்கள். பிட்சரின் மேடு 10 அங்குல உயரம், அதைப் பலகையில் செய்து மேலே மண் தூவி வைக்கலாம், தாழ்ந்த கோணத்தில் எடுத்தால் தெரியாது. பேஸ்களுக்கு இடையே 90 அடி. அதை ஒழுங்காக அளந்து போடுங்கள், ஏனென்றால் சுருக்கினால் ஓடுகிறவன் நாலு எட்டில் போய்ச் சேர்ந்துவிடுவான், வைட் ஷொட்டில் பொம்மை மைதானம் போலத் தெரியும்.

மைதானத்தை நீங்களே கோடு போடுகிறீர்கள் என்றால் திசையைக் கவனியுங்கள். ஹோம் பிளேட்டிலிருந்து இரண்டாம் பேஸ் நோக்கிய கோடு கிழக்கு-வடகிழக்காக இருப்பது விரும்பத்தக்கது என்று பேஸ்போல் விதிப்புத்தகமே சொல்கிறது, மாலைச் சூரியன் அடிப்பவரின் கண்ணில் படாமல் இருக்கத்தான். நமக்கு இதில் இன்னொரு லாபம்: மாலையில் சூரியன் பிட்சரின் முகத்துக்கு நேரே வருகிறது, தொப்பியின் விளிம்புக்குக் கீழே புகுந்து கண்ணைத் தொடுகிறது. உங்கள் கதாநாயகன் பிட்சர் அல்லவா, அவனுடைய எல்லாக் குளோசப்பையும் மாலை ஐந்து மணிக்கு வையுங்கள். கொழும்பில் ஆறு, ஆறரைக்கெல்லாம் இருட்டிவிடும், ஆகவே அந்த நேரத்துக்கு எல்லாம் தயாராக இருக்க வேண்டும். நண்பகலில், அதுவும் ஏப்ரலில் சூரியன் நேரே உச்சியில் நிற்கும்போது, தொப்பி போட்டவன் முகம் கறுத்த ஓட்டையாகத்தான் தெரியும். தப்பவே முடியாதென்றால் ஒரு பெரிய வெள்ளை ரெஜிபோம் பலகையைக் கீழே பிடித்து வெளிச்சத்தை மேலே திருப்புங்கள். ஒக்டோபர், நவம்பர் வேண்டவே வேண்டாம், பின்னேர இடிமழை உங்கள் ஐந்து மணியைத்தான் முதலில் பறிக்கும். ஜனவரி முதல் மார்ச் வரை நல்லது.

இரவுப் போட்டி எடுக்க ஆசைப்பட்டால் ஓர் எச்சரிக்கை. நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், பழைய வகை மைதான விளக்குகள் விநாடிக்கு 100 தடவை மினுங்கும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் 120 பிரேமில் ஸ்லோ மோஷன் எடுத்தால் படம் முழுக்க வெளிச்சம் ஏறி இறங்கும், எடிட்டிங்கில் அதைச் சரிசெய்வது பெரும்பாடு. ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் வைத்துச் சாதாரண வேகத்தில் எடுங்கள், ஸ்லோ மோஷன் எல்லாவற்றையும் பகலுக்கு மாற்றுங்கள்.

கூட்டத்தைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். பேஸ்போல் வீரர் ஜாக்கி ரொபின்சன் பற்றி 2013இல் வந்த '42' படத்துக்கு நியூயோர்க் புரூக்ளினின் எபெட்ஸ் ஃபீல்ட் மைதானம் தேவைப்பட்டது, அதுவோ 1960இல் இடிக்கப்பட்டுவிட்டது. அமெரிக்காவின் சட்டனூகா நகரில் இருந்த ஒரு பழைய மைதானத்தில் பச்சைத் திரை கட்டி எடுத்து, மீதியைக் கணினியில் கட்டினார்கள். காற்றடைத்த பொம்மைகளுக்குச் சட்டை போட்டு உட்காரவைக்கிற வழக்கமும் அங்கே உண்டு. உங்களுக்கு அது எதுவும் தேவையில்லை. பாடசாலைப் போட்டிக்கு முப்பது பேர் வந்தாலே பெரிய கூட்டம். கூடுதலாக வேண்டுமானால் கமராவை அசையாமல் பூட்டி, அதே முப்பது பேரை ஒவ்வொரு பகுதியாக இடம் மாற்றி உட்காரவைத்து எடுத்து, பிறகு பக்கத்தில் பக்கத்தில் ஒட்டலாம். இடம் மாறும்போது சட்டையும் மாறட்டும். அதைவிடச் சுகம், கமராவைத் தரையோடு வைத்து வானத்தைப் பின்னணியாக்குவது.

சத்தத்தைத் தனியாகப் பதிவு செய்யுங்கள், இதற்கென்று அரை நாள் ஒதுக்குங்கள். மைதானத்தில் படம் எடுக்கும்போது பதிவாகிற மட்டைச் சத்தம் தூரத்தில் எங்கோ கேட்பதுபோல் இருக்கும். மர மட்டையின் 'டக்', அலுமினிய மட்டையின் 'டிங்', தோல் கையுறையில் பந்து விழுகிற அந்த 'பட்', ஆணிச் சப்பாத்து மண்ணைக் கீறுகிற சத்தம், எல்லாவற்றையும் மைக்கைக் கிட்ட வைத்து அமைதியான இடத்தில் எடுங்கள். கையுறைச் சத்தம் முக்கியம். நான் மேலே சொன்ன, பந்தே இல்லாத ஷொட்டுகளை உயிரோடு நிறுத்துவது அதுதான். எடிட்டிங்கில் அதை ஒரு பிரேம் முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள், எறி வேகமாகவோ மெதுவாகவோ மாறுவது உங்களுக்கே கேட்கும்.

முதல் வேலையாக, இந்த வாரமே அந்தப் பெடியனை எறியவைத்து, மூன்றாம் பேஸ் பக்கத்திலிருந்து தொலைபேசியில் ஸ்லோ மோஷனில் எடுங்கள். நல்ல பிட்சர் ஒருவரின் காணொளியைப் பக்கத்தில் வைத்து, முன்கால் பதிகிற இடத்தில் இரண்டையும் நிறுத்தி அவனிடமே காட்டுங்கள், என்ன மாற்ற வேண்டும் என்று அவனுக்கே புரியும். அவன் வலது கையா இடது கையா என்று கேள்வியில் சொல்லவில்லை. இடது கை என்றால் பிட்சருக்கு மேலே நான் சொன்ன பக்கம் தலைகீழாகும், அதற்கேற்ப ஷொட் வரிசை போட வேண்டும், அதை மட்டும் எழுதுங்கள்.